அட்டைப்பெட்டி மேல் எனக்குக் கோபம் இல்லை

ஆன்லைன் ஷாப்பிங்கால் குப்பை பெருகுகிறது என்று பேச்சு எடுத்தாலே எல்லாரும் முதலில் திட்டுவது அட்டைப்பெட்டியைத்தான். ஒரு நெயில் பாலிஷ் வாங்கினால் செருப்பு டப்பா அளவுக்குப் பெட்டி வருகிறது, உள்ளே முக்கால்வாசி காற்று, இது அநியாயம் இல்லையா என்பார்கள். அநியாயம்தான். ஆனாலும் வீட்டு வாசலில் வந்து இறங்கும் பார்சலில் ஓரளவு யோக்கியமான உருப்படி அந்த அட்டைப்பெட்டி மட்டும்தான் என்பது என் கட்சி.

எங்கள் தெருமுனையில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு அட்டை என்றால் தனிப் பிரியம். செய்தித்தாள் வாங்கும் வீடுகள் குறைந்துவிட்டன. அந்த இடத்தை அட்டைதான் நிரப்புகிறது. பெட்டியைப் பிரித்து, காலால் மிதித்துத் தட்டையாக்கி, சணல் கயிற்றால் கட்டி ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பார். லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனால் கிராஃப்ட் பேப்பர் மில்லில் கூழாகி மறுபடியும் பெட்டியாகத்தான் பிறக்கும். அவருக்கு இருக்கும் ஒரே மனக்குறை அந்த பிரவுன் டேப். "உரிச்சுட்டுக் கொண்டாங்கக்கா, இல்லாட்டி மில்லுல எடையக் கழிச்சிடறான்" என்பார். உரிப்பது சுலபம் இல்லை. நகத்தால் கிளப்பினால் அட்டையின் மேல்தோலையும் சேர்த்துக்கொண்டு வரும்.

அவர் கையால்கூடத் தொடாதது கூரியர் கவர். வெளியே வெள்ளை, உள்ளே கறுப்பு, வாய்ப்பக்கம் ஒருமுறை ஒட்டினால் கிழித்தால்தான் பிரியும் பசை, நடுவில் முகவரி லேபிள். பிளாஸ்டிக்தானே, எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தேன். பசையும் லேபிளும் ஒட்டியிருப்பதால் இதற்கு ரேட் வராது என்றார். பபுள் ராப் அதைவிட மோசம். ஒரு மாடி முழுக்க இருக்கும் வீடுகளின் பபுள் ராப்பைச் சேர்த்தாலும் எடை ஒரு கிலோ தேறாது, ஆனால் கடையை அடைத்துக்கொள்ளும். லேபிள், பில் எல்லாம் சூட்டில் எழுத்து விழும்படி ரசாயனம் பூசிய தெர்மல் பேப்பர். பார்க்கத்தான் காகிதம், பழைய பேப்பர் கட்டில் சேராது. செருப்புக்குள் கிடக்கும் சிலிக்கா பொட்டலத்தைப் பற்றி அவரிடம் கேட்கவே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகைக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. 2022 ஜூலையில் மத்திய அரசும் தன் பட்டியலைப் போட்டுத் தடை செய்தது. இவை எல்லாமே பெரும்பாலும் கடையில் கைக்கு வரும் பையையும் கப்பையும் ஸ்ட்ராவையும் குறிவைத்தவை. கீரைக்கார அம்மா மெல்லிய கவரில் போட்டுக் கொடுத்தால் மாநகராட்சி அபராதம் போடும். அதைவிடத் தடிமனான கூரியர் கவர் மாடிப்படி ஏறி வந்து காலிங்பெல் அடிக்கிறது. பிளாஸ்டிக்கைச் சந்தைக்கு அனுப்பும் நிறுவனமே அதைத் திரும்ப எடுக்கவும் பொறுப்பு என்று மத்திய அரசின் 2022 நெறிமுறைகள் சொல்வது உண்மைதான். ஆனால் எங்கோ வேறொருவர் மறுசுழற்சி செய்ததற்கான சான்றிதழை வாங்கிக் கணக்கை நேர்செய்துகொள்ளவும் அதிலேயே வழி இருக்கிறது. என் வாசலில் கிடக்கும் கவரைக் கேட்டு இதுவரை யாரும் வந்ததில்லை.

நான் இருப்பது பள்ளிக்கரணைப் பக்கம். இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் குப்பை எங்கே போகிறது என்று பாடம் எடுக்கத் தேவையில்லை. காற்று திசை மாறினால் மூக்கே சொல்லிவிடும். தென்சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாகப் பெருங்குடியில் கொட்டப்பட்டது, வடசென்னையின் குப்பை கொடுங்கையூரில். பெருங்குடிக் கிடங்கு உட்கார்ந்திருப்பது சதுப்பு நிலத்தின் மேல். அதே சதுப்பு நிலம் 2022 இல், உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்தது. பூநாரைகளைப் பார்க்க பைனாகுலரோடு வருபவர்களும் குப்பை லாரிகளும் ஏறக்குறைய ஒரே வழியில்தான் வர வேண்டியிருக்கிறது. அந்த 2022 ஏப்ரலில் கிடங்கு பற்றி எரிந்து புகை நாள்கணக்கில் அடங்காமல் நின்றபோது, ஜன்னல் இடுக்கெல்லாம் ஈரத்துணி அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இப்போது அந்த மேட்டைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கிறார்கள். பயோமைனிங் என்று பெயர். மண் தனியாக, கல் தனியாக வரும். மிச்சம் இருக்கும் பிளாஸ்டிக், ரப்பர், துணி எல்லாம் சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போகிறது. சல்லடையில் தங்குவதைப் பார்த்தால் ஒன்று தெரியும். கவர்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. கூடவே துணியும் இருக்கிறது. நிறைய இருக்கிறது. நைட்டி, லெக்கின்ஸ், ஜீன்ஸ், பள்ளிப் பை, திரைச்சீலை, மெத்தை உறை. வருஷக்கணக்காகப் புதைந்தும் சாயம் போகாத ரோஸ் கலர்.

பார்சலின் குப்பையை நாம் பார்சலின் தோலில் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குப் பட்டது அதன் பிறகுதான். கவர் சில கிராம். பெரிய குப்பை உள்ளே இருக்கிறது. நாம் காசு கொடுத்து வாங்கினோமே, அதுதான்.

எங்கள் ஊர் ஊத்துக்குளிப் பக்கம். பனியன் கம்பெனியில் வேலை பார்க்காத ஆள் எங்கள் சொந்தத்தில் குறைவு. நான் படித்த காலத்தில் திருப்பூருக்குள் பஸ் நொய்யல் பாலத்தைத் தாண்டும்போது, இன்றைக்கு ஆறு என்ன கலரில் ஓடுகிறது என்று எட்டிப் பார்ப்பது எங்களுக்கு ஒரு விளையாட்டு. சில நாள் ஊதா, சில நாள் ரத்தச் சிவப்பு. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி, கீழே இருந்த விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது ஊரே ஸ்தம்பித்துப் போனது. வேலை போய்ப் பல குடும்பங்கள் சொந்த ஊருக்குத் திரும்பின. அதன்பின் பட்டறைகள் கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்ற விதி கறாரானது. தண்ணீர் திரும்பக் கிடைக்கிறது. கடைசியில் மிஞ்சும் உப்பும் சேறும் மூட்டையாகக் கட்டிக் கொட்டகையில் கிடக்கிறது.

ஒரு பருத்தி டீ-ஷர்ட்டுக்கு, செடி வளர்வதிலிருந்து கணக்குப் போட்டால், 2,700 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதை 199 ரூபாய்க்கு ராத்திரி பதினோரு மணிக்குப் படுத்துக்கொண்டே வாங்கி, கலர் போட்டோவில் இருந்த மாதிரி இல்லை என்று அலமாரியின் அடித்தட்டில் தள்ளுகிறோம். அதைச் சுற்றி வந்த கவருக்காகக் குற்ற உணர்ச்சி வேறு கொள்கிறோம்.

சரி, பழைய துணி என்ன ஆகும்? அப்பாவின் எட்டுமுழ வேட்டி எங்கள் வீட்டில் எப்படி வாழ்ந்தது என்று சொல்கிறேன். முதலில் விசேஷத்துக்கு. வெளுப்பு மங்கினால் வீட்டுக் கட்டுக்கு. நடுவில் நைந்தால் ஓரங்களைக் கிழித்துத் துண்டு. அம்மா அதில் நல்ல பாகமாகப் பார்த்து இட்லித் துணிக்கு எடுத்து வைப்பாள். நைந்த பருத்தித் துணியில்தான் இட்லி ஒட்டாமல் எடுபடும், புதுத் துணி உதவாது. வீட்டில் யாராவது பிரசவத்துக்கு வந்திருந்தால் ஒரு பங்கு குழந்தைக்குப் போகும். அதற்கப்புறம் அடுப்படிக் கரித்துணி. கரித்துணியும் கிழிந்தால் அப்பாவின் டிவிஎஸ் 50 துடைக்க. எண்ணெய்ப் பிசுக்கேறி இனி எதற்கும் ஆகாது என்கிற கட்டத்தில் அது வெந்நீர் அடுப்புக்குள் போகும். பாதி வழியில் யாராவது கார்த்திகைக்குத் திரி திரிக்கவும் கிழித்திருப்பார்கள்.

இப்போது ஆன்லைனில் வந்த பாலியஸ்டர் குர்தி ஒன்றைக் கரித்துணியாக்கிப் பாருங்கள். மேடையில் சிந்திய தண்ணீரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளிவிடும், குடிக்காது. சூடான வாணலியைப் பிடித்தால் இளகிக் கையோடு ஒட்டும். இட்லித் துணி பேச்சே வேண்டாம். பழைய துணிக்குப் பாத்திரம் போடுகிறவர் பட்டுப் புடவை, காட்டன், பேன்ட் என்று பொறுக்கிக்கொண்டு, "லெக்கின்ஸ் வேணாம்மா, அத நீங்களே வெச்சுக்கங்க" என்கிறார். இல்லங்களுக்குக் கொடுக்கலாம் என்று போன் செய்தால், துணி நிறைய வந்துவிட்டது, அரிசியோ நோட்டுப் புத்தகமோ தர முடியுமா என்று தன்மையாகக் கேட்கிறார்கள். திருப்பூரிலாவது பருத்தி கட்டிங் வேஸ்ட்டை அரைத்துப் பஞ்சாக்கி மறுபடி நூலாக்கும் ஓ.இ. மில்கள் உண்டு. ஸ்பான்டெக்ஸும் பாலியஸ்டரும் பின்னிக் கிடக்கும் துணியில் அவர்களுக்கும் பெரிய அக்கறை இல்லை. ஆக, அது நேரே பெருங்குடிக்குப் போகிறது.

இந்த இடத்தில் அந்தக் காலத்து ஆட்களின் சிக்கனத்தைப் புகழ்ந்து ஒரு பத்தி எழுதத் தோன்றும். எழுதினால் என் அம்மா விடமாட்டாள். ஒருமுறை அவளிடமே இதைச் சொன்னேன், நீங்களெல்லாம் எவ்வளவு அளவோடு இருந்தீர்கள் என்று. "காசு இருந்திருந்தா நாங்களும் வாங்கிப் போட்டிருப்போம் கண்ணு. தீவாளிக்கு ஒரே பீஸ்ல அண்ணன் தம்பி அத்தன பேருக்கும் சட்ட தெச்சது ஆசப்பட்டா? பேண்டு வாத்தியக்காரங்க மாதிரி இருந்தாங்க" என்றாள். அதனால் அந்தப் பத்தி கிடையாது.

நாம் ஏன் இவ்வளவு வாங்குகிறோம் என்பதற்கு மனித மனம், பேராசை, விளம்பரம் என்று பெரிய காரணங்கள் சொல்வார்கள். எனக்குச் சின்னக் காரணம் ஒன்று போதும். வாங்குவது அவ்வளவு சுலபம். யாரோ உட்கார்ந்து வேலை மெனக்கெட்டு அதைச் சுலபமாக்கியிருக்கிறார்கள். ஒரே அழுத்தலில் ஆர்டர் போடும் முறைக்கு அமேசான் 1999 இல் அமெரிக்காவில் காப்புரிமையே வாங்கி வைத்திருந்தது; 2017 இல்தான் அது காலாவதியானது. ஒரு பொத்தானைக் குறைப்பதற்கு அவ்வளவு மதிப்பு. நம் ஊரில் கார்டு இல்லை, ஆன்லைனை நம்ப முடியாது என்று தயங்கியவர்களுக்காகப் பொருள் வந்த பிறகு காசு கொடுக்கும் வசதி வந்தது. 2016 இல் யுபிஐ வந்தது, சில்லறை தேடும் வேலையும் போனது. முகவரி, கார்டு, சைஸ் எல்லாம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. கடைக்குக் கிளம்பி, வெயிலில் நின்று, பஸ் பிடித்துப் போனால் வழியில் எங்காவது "இது இப்ப அவசியமா" என்று ஒரு கேள்வி வரும். அது வருவதற்கான இடமே இதில் இல்லை.

மிச்ச வேலையை அவசரம் பார்த்துக்கொள்கிறது. 'இன்னும் 2 மட்டுமே உள்ளன', 'சலுகை முடிய 00:14:32', 'இப்போது 37 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்'. இவற்றுக்கு டார்க் பேட்டர்ன் என்று பெயர். 13 வகைகளைப் பட்டியலிட்டு, செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று நெறிமுறைகள் வெளியிட்டது. பொய்யான அவசரம் காட்டுவது அதில் முதல் வகை. கேட்காத பொருளைக் கூடையில் நைஸாகச் சேர்ப்பது, வேண்டாம் என்று சொல்ல முடியாதபடி கூச்சப்படுத்துவது, கடைசிப் பக்கத்தில் புதுசாக ஒரு கட்டணம் முளைப்பது எல்லாம் உண்டு. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எந்த ஆப்பையாவது திறந்து டிக் அடித்துப் பாருங்கள், பொழுது போகும்.

அதில் சேராத, ஆனால் என்னை அதிகம் வாங்க வைத்த தந்திரம் இலவச டெலிவரிதான். 499க்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம். கூடையில் 440. நாற்பது ரூபாய் டெலிவரி கட்டணத்தை மிச்சம் பிடிக்க அறுபது ரூபாய்க்கு எதையாவது தேடுவோம். எங்கள் வீட்டில் இருக்கும் பூண்டு உரிக்கும் ரப்பர் குழாய், கேபிள் சுற்றி வைக்கும் கிளிப், மைக்ரோஃபைபர் துணி எல்லாம் அப்படி வந்து குடியேறியவை. யாரும் அவற்றை விரும்பி வாங்கவில்லை. கூட்டுத்தொகை 499ஐ எட்டாததால் வந்தவை.

ஆக நான் செய்தது ஒன்றே ஒன்று. அவர்கள் பெயர்த்தெடுத்த தடைகளைத் திரும்ப நட்டேன். ஆப்களை எடுத்துவிட்டேன், வேண்டுமானால் லேப்டாப்பைத் திறந்து, பாஸ்வேர்ட் போட்டு, கார்டு எண்ணை முழுசாகத் தட்டித்தான் வாங்க வேண்டும். கார்டு பீரோவில் இருக்கிறது, பீரோ சாவி வேறிடத்தில். அப்புறம், என்ன வாங்கத் தோன்றினாலும் சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதுவது. மாதம் பிறந்து தாளைக் கிழிக்கும்போது அந்தப் பட்டியலைப் பார்த்து, இன்னும் வேண்டும் என்று தோன்றுவதை மட்டும் ஒன்றாகச் சேர்த்து வாங்குவது. மன உறுதிக்கு இதில் வேலையே இல்லை. எனக்கு அது இருந்ததும் இல்லை, ஜவுளிக்கடை வாசலில் ஆடித் தள்ளுபடி போர்டைப் பார்த்தால் இன்னும் கால் தயங்கும்.

கிழித்த தாள்களை வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். சுழலும் மசாலா ஸ்டாண்ட். முட்டை வேகவைக்கும் மெஷின் (எங்கள் வீட்டில் முட்டை சாப்பிடுவது என் வீட்டுக்காரர் ஒருவர்தான்). கழுத்து மசாஜர். யோகா மேட், பக்கத்திலேயே இவர் கையெழுத்தில் 'பழையது பரண் மேல்'. ஒன்றைக்கூட வேண்டாம் என்று நான் அடிக்கவில்லை. மாதக் கடைசியில் பார்க்கும்போது அவற்றின் மேல் இருந்த ஆசை தானாகவே ஆறியிருந்தது. நின்றவை வேறு மாதிரி: தலையணை உறை, அம்மாவுக்கு முழங்கால் கேப், குக்கர் கேஸ்கெட். துளை போட டிரில்லிங் மெஷின் என்று ஒரு மாதம் இருந்தது. அபார்ட்மென்ட் வாட்ஸாப் குழுவில் கேட்டால் நாலைந்து வீட்டில் இருக்கிறது என்று பதில் வந்தது. அத்தனையும் ஆளுக்கு ஒருமுறை சுவரில் துளை போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பவை.

வாங்குவதைக் குறைத்தால் அடுத்து ரிப்பேர் வந்து நிற்கும். இதைப் பற்றி எழுதுபவர்கள் ரிப்பேர் செய்வதை ஏதோ தியானம் மாதிரி எழுதுகிறார்கள். எனக்கு அது அலைச்சலாகத்தான் இருந்தது. மிக்ஸி ஜாரில் அடியிலிருந்து கறுப்பாகக் கசிய ஆரம்பித்தது, சட்னி அரைத்தால் ரப்பர் கருகும் வாடை. ஆன்லைனில் பண்டிகைச் சலுகையில் புது மிக்ஸி மூன்று ஜாரோடு இரண்டாயிரம் சொச்சம், நாளைக்கே வரும். இதைத் தூக்கிக்கொண்டு மடிப்பாக்கம் போய், பாய் கடையில் டோக்கன் வாங்காத குறையாக நின்றேன். சுவர் முழுக்க ஆணியில், மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளர்கள், கம்பியில் கோத்த பிளேடுகள், மாவரைக்கும் கிரைண்டரின் கல் ஒன்று வாசலில் படிக்கட்டாகக் கிடந்தது. பாய் ஜாரைக் கவிழ்த்துக் கப்ளரை விரலால் சுற்றிப் பார்த்தார். "பல்லு தேஞ்சிருக்கு. புஷ்ஷும் போயிருக்கு, அதான் கிரீஸ் கீழ எறங்குது. மோட்டார் நல்லா கீதும்மா, காயில் ஒரிஜினல் காப்பர், இத ஏன் தூக்கிப் போடுறீங்க?" நான் தூக்கிப் போடவில்லை, அவரிடம்தான் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். மனுஷன் காதில் வாங்கவில்லை. பிளேடைக் கழற்ற அது எதிர்த் திசை மரை. தெரியாதவர் திருப்பினால் இன்னும் இறுகும். கழற்றி, புஷ் மாற்றி, வாஷர் போட்டு, பிளேடுக்குச் சாணை பிடித்து, கார்பன் பிரஷும் பாதி தேய்ந்திருக்கிறது என்று காட்டி அதையும் மாற்றினார். முந்நூற்று ஐம்பது ரூபாய்.

பேசிக்கொண்டிருக்கும்போது அவர் மேஜைக்கு அடியில் காட்டினார். ஐந்தாறு மிக்ஸிகள், வழவழவென்று புதுசு மாதிரி. எல்லாம் ஆன்லைனில் மட்டும் விற்கும் மாடல்கள். "இதுக்கு ஸ்பேர் கெடைக்காதும்மா. ரிச்சி தெருல கேட்டேன், பாரிஸ் கார்னர்ல கேட்டேன், அந்த அளவுல கப்ளரே வர்றதில்ல. கம்பெனி போன் எடுக்கமாட்டான். பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்." பழுது பார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு இணையதளம் தொடங்கியது, பெரிய கம்பெனிகள் சில அதில் உதிரிபாகம், சர்வீஸ் விவரம் எல்லாம் போட்டிருக்கின்றன. பாய்க்கு வேண்டியது இணையதளம் இல்லை, அந்த அளவில் ஒரு கப்ளர். அதனால் இப்போது எதையாவது வாங்குவதென்றால் விலைக்கு முன்னால் நான் பார்ப்பது இதைத்தான்: இதற்கு உதிரிபாகம் நம் ஊர்க் கடையில் தொங்குகிறதா? தொங்கும் பிராண்டுக்கு ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

பிடிக்கவில்லை என்றால் ரிட்டர்ன் போட்டுக்கொள்ளலாமே, அது எப்படிக் குப்பையாகும் என்று என் தங்கை கேட்பாள். இரண்டு சைஸ் ஆர்டர் செய்து ஒன்றைத் திருப்பி அனுப்பும் ரகம் அவள். திருப்பி அனுப்பினால் அது அப்படியே அடுத்தவர் வீட்டுக்குப் போகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். திரும்பி வந்ததைப் பிரித்து, பார்த்து, துடைத்து, மடித்து, மறுபடி கவர் போட ஆள் கூலி வேண்டும். இருநூறு ரூபாய்ப் பொருளுக்கு அந்தக் கூலி கட்டுப்படியாகாது. அதனால் மொத்தமாக லாட்டில் கழிப்பார்கள், இல்லாவிட்டால் அழிப்பார்கள். பிரான்ஸ் இதற்கென்றே சட்டம் போட வேண்டி வந்தது. விற்காத துணி, செருப்பு போன்றவற்றை அழிக்கக் கூடாது என்பது அங்கே 2022 முதல் விதி. விற்காததை அழிப்பது வழக்கமாக இல்லாவிட்டால் அப்படி ஒரு சட்டம் எதற்கு?

இதற்கெல்லாம் மாற்று என்று ஒரு தனிக் கடையே திறந்துவிட்டார்கள். மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, தேங்காய் ஓட்டுக் கிண்ணம், துணிப்பையில் போட்ட பீர்க்கங்கூடு, 'ஜீரோ வேஸ்ட் கிட்' என்று ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு. அதுவும் கூரியரில்தான் வருகிறது. டம்ளரில் வாய் வைத்துக் குடிக்கத் தெரிந்தவர்களுக்கு ஸ்டீல் ஸ்ட்ரா எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பீர்க்கங்கூடு என் அத்தை தோட்டத்து வேலியில் காய்ந்து தொங்கும்.

அந்த அத்தை விஷயத்தில் மட்டும் நான் வாயைத் திறப்பதில்லை. காங்கயத்தைத் தாண்டி ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறாள். டவுனுக்குப் போய் உள்ளாடை வாங்க வேண்டும் என்றால் கவுன்ட்டரில் நிற்கும் பையனிடம் சைஸ் சொல்லிக் கூச வேண்டும், விலை கேட்டால் "அது உங்களுக்கு வேணாங்கம்மா, இதப் பாருங்க" என்று கம்மி விலையைக் காட்டுவான். போனில் யாரும் அவளை அப்படிப் பார்ப்பதில்லை. தனக்கு வேண்டிய சைஸில், தனக்குப் பிடித்த கலரில், கதவைச் சாத்திக்கொண்டு வாங்குகிறாள். வாங்குவதைக் குறை என்று யாரிடம் சொல்கிறோம் என்பதும் முக்கியம். சுற்றி நூறு கடை இருந்தும் சோபாவை விட்டு எழாத என்னை மாதிரி ஆட்களுக்குத்தான் அந்தப் பேச்சு.

டெலிவரிக்கு வரும் தம்பிகள் இன்னொரு சிக்கல். பார்சலுக்கு இவ்வளவு என்றுதான் அவர்களில் பலருக்குக் கூலி. இவர்களுக்கென்று தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் நலவாரியம் வந்திருக்கிறது. நாங்கள் ஆர்டரைக் குறைத்தால் ஒரு தம்பியின் அன்றைய எண்ணிக்கை குறையும். திருப்பூரில் தைக்கும் என் சித்தி மகளுக்கும் அதே கணக்குதான். எல்லாரும் பாதிச் சட்டை போதும் என்றால் அவளுக்குப் பாதி வாரம்தான் வேலை. பாய் மாதிரி ரிப்பேர் கடைகள் பெருகினால் அங்கே வேலை வரும் என்று ஒரு வாதம் சொல்வார்கள். ஏட்டில் சரிதான். ஆனால் பாயின் மகனே அந்தக் கடைக்கு வருவதில்லை, பைக்கில் பார்சல்தான் ஓட்டுகிறான். இதற்கு என்னிடம் நேர்த்தியான பதில் இல்லை.

என் மகள் கல்லூரியில் படிக்கிறாள், வாதத்தில் என்னை நிற்க விடமாட்டாள். "நீ வாங்காம இருந்தா பெருங்குடி மேடு ஒரு இஞ்ச் கொறையுமாம்மா?" குறையாது. அதற்குச் சட்டம்தான் வேண்டும், என் காலண்டர் போதாது. சட்டம் போட்டால் நடக்குமா என்றால், நடந்திருக்கிறது. நீலகிரியில் 2022 இல் உயர் நீதிமன்றம் தலையிட்டு டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. அதுவரை காட்டில் யானைக் காலைக் கிழித்துக்கொண்டிருந்த பாட்டில்கள் பெரும்பாலும் கடைக்கே திரும்பி வந்தன. அப்புறம் வேறு மாவட்டங்களுக்கும் போனது. குடித்துவிட்டுத் தள்ளாடுகிறவரே பாட்டிலைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுக்கிறார் என்றால், கூரியர் கவருக்கும் ஒரு பத்து ரூபாய் போட்டால் தெருவில் ஒன்றாவது கிடக்குமா? சேகரிக்கத் தனி ஆள்கூட வேண்டாம். அடுத்த பார்சல் கொண்டுவரும் தம்பியே பழைய கவரை வாங்கிக்கொண்டு போகலாம், வண்டி எப்படியும் காலியாகத்தான் திரும்புகிறது.

போன வாரம் அம்மாவின் முழங்கால் கேப் கொண்டுவந்த தம்பியிடம் இந்த யோசனையைச் சொன்னேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டு நின்றான். "நல்ல ஐடியாதான்க்கா. ஆனா அதுக்கும் ஒரு ஓடிபி கேப்பாங்க" என்றான்.